ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டு ஆர்ஓ மெஷினைப் பார்க்க வந்த ஒருவர் 7,850 ரூபாய் வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்த மெம்பரேனையும் (தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் பாகம்) கழற்றி எடுத்துப் போய்விட்டார். அதற்குப் பதில் அவர் மாட்டிவிட்டுப் போன பழைய சரக்கில்தான் நான்கு மாதம் தண்ணீர் பிடித்துக் குடித்தோம். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறாள். பணம் போனதைவிட எனக்கு ஆறாதது அதுதான்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் போர் தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீரும் சம்ப்பில் கலக்கும். குழாயில் வரும் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,300, 1,400 என்று நிற்கும். குளியலறை வாளியைத் தேய்த்தாலும் வெள்ளைப் படிவம் போகாத தண்ணீர் அது. குடிக்க ஆர்ஓ இல்லாமல் முடியாது. மார்ச் இரண்டாம் வாரம் மெஷினில் ஃபில்டர் மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. எங்கள் மாடலில் அந்த விளக்கு வெறும் நாள் கணக்கு வைத்து எரிவது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கம்பெனி பெயரோடு 'சர்வீஸ் சென்டர் சென்னை' என்று போனில் தேடி, மேலே முதலாவதாக வந்த நம்பருக்குப் போட்டேன். எடுத்தவர் 'ஆர்ஓ கஸ்டமர் கேர், சொல்லுங்க சார்' என்றார். என்ன பிராண்ட் என்று என்னிடமே கேட்டார். இந்த இடத்திலேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். கம்பெனியின் சொந்த ஆளாக இருந்தால் பதிவு செய்த மொபைல் நம்பரைக் கேட்டிருப்பார், மெஷின் எப்போது வாங்கியது என்று அவரே சொல்லியிருப்பார். வேலை நேரம், மீட்டிங் அவசரம், விலாசத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆள் வந்தார். கம்பெனி சின்னம் போட்ட டி-ஷர்ட், தோளில் பை, நல்ல மரியாதையான பேச்சு. நான் உள்ளறையில் மீட்டிங்கில் இருந்தேன், அம்மாதான் சமையலறையில் நின்றார். வந்தவர் முதலில் மூடியைக் கழற்றி உள்ளே ஏதோ செய்தார். 'லீக் இருக்கா பாக்கறேன்மா' என்றாராம். ஐந்து பத்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அதன் பிறகு ஒரு டம்ளரில் பிடித்து டிடிஎஸ் மீட்டரை விட்டுக் காட்டினார். 310. '100-க்குள்ள இருக்கணும்மா, மெம்பரேன் போயிடுச்சு' என்று சொல்லியிருக்கிறார்.

அம்மா தயங்கினார். அப்போது பையிலிருந்து இரண்டு ஜோடிக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். ஒரு டம்ளரில் எங்கள் மெஷின் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த 'நல்ல மெஷின்' தண்ணீர். கம்பிகளை இரண்டிலும் இறக்கி, பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எங்கள் டம்ளர் மஞ்சளாகி, பழுப்பாகி, சாக்கடைத் தண்ணீர் மாதிரி திப்பி திப்பியாக மிதக்க ஆரம்பித்தது. அவர் பாட்டில் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது.

'இதைத்தாம்மா இத்தனை நாள் குழந்தைக்குக் குடுத்திருக்கீங்க' என்றார்.

அம்மா என் அறைக் கதவைத் தட்டிய வேகத்தில் நான் ஏதோ ஆபத்து என்று எழுந்து ஓடினேன். அந்த டம்ளரைப் பார்த்ததும் எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. கணக்குப் பார்க்கும் நிலையில் இருவருமே இல்லை. மெம்பரேன் 3,200, மூன்று ஃபில்டர் 2,400, பம்ப் சர்வீஸ் 1,500, க்ளீனிங் 400, வந்துபோக 350. ஜிபேயில் ஒரு தனி ஆள் பெயருக்குப் பணம் அனுப்பினேன். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு 'ஆபீஸ்ல இருந்து வாட்ஸ்அப்ல வரும் சார்' என்று கையால் எழுதிய ஒரு சீட்டைத் தந்தார். கழற்றிய பாகங்களைப் பையில் போட்டுக்கொண்டார். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். கிளம்பும்போது மீட்டரை விட்டுக் காட்டினார், 98. நாங்கள் நன்றி சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினோம்.

இரண்டு மூன்று வாரத்தில் தண்ணீரில் ஒரு சப்பை உப்புச் சுவை வந்தது. எனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது, அதுவும் பருப்பில். குக்கரில் நான்கு விசிலுக்குக் குழையும் துவரம் பருப்பு ஆறு விசில் விட்டும் முழுசு முழுசாக நின்றது. கடையில் பழைய பருப்பைக் கொடுத்துவிட்டான் என்று இரண்டு முறை கடை மாற்றினார். அது கடினத் தண்ணீரின் வேலை. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமானால் பருப்பு லேசில் வேகாது. டீயின் மேல் ஆடை மாதிரி ஒரு படலம், எலக்ட்ரிக் கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு. டேங்க் நிறைவதற்கும் முன்பைவிட நேரம் பிடித்தது. சீட்டில் இருந்த நம்பருக்கு நான்கு முறை பேசினேன். இரண்டு முறை 'கம்ப்ளெயின்ட் போட்டாச்சு சார், நாளைக்கு ஆள் வருவாங்க.' மூன்றாவது முறை கட் செய்துவிட்டார்கள். அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

ஜூலையில்தான் அலமாரியில் இருந்த வாரண்டி அட்டையைத் தேடி எடுத்தேன். அதில் உள்ள இலவச நம்பருக்குப் போட்டால், மார்ச் மாதம் எங்கள் பெயரில் எந்த சர்வீஸும் பதிவாகவே இல்லை என்றார்கள். இரண்டு நாளில் அவர்கள் மெக்கானிக் வந்தார். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். அவர் செய்த முதல் காரியம், மூடியைத் தொடுவதற்கு முன்பே உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் அளந்து என்னிடம் காட்டியது. உள்ளே 1,380, வெளியே 540.

அப்புறம் மெஷினைத் திறந்தார். மெம்பரேனின் மேல் இருக்க வேண்டிய லேபிள் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. கார்பன் ஃபில்டர்களில் ஒன்று எங்களுடைய பழைய கூடுதான், மேலே மட்டும் புது ஸ்டிக்கர். வண்டல் பிடிக்கும் ஸ்பன் ஃபில்டர் ஒன்றுதான் உண்மையில் புதியது. அதன் விலை நூற்றைம்பது ரூபாய்தான் என்றார்.

'டிடிஎஸ் கன்ட்ரோலர் தெரியுமா சார்?' என்று ஒரு சின்னத் திருகைக் காட்டினார். ஆர்ஓ தண்ணீர் ரொம்பச் சப்பென்று ஆகிவிடாமல் இருக்க, மெம்பரேனுக்குப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தைக் கலந்துவிடும் வழி அது. திருகைத் திறந்தால் டிடிஎஸ் ஏறும், மூடினால் இறங்கும். எங்கள் மெஷினில் அது நன்றாகத் திறந்து கிடந்தது. மூடியதும் 540 என்பது 290-க்கு வந்தது. மீதி 290 அந்தப் பழைய மெம்பரேனின் லட்சணம். யார் வீட்டிலோ கழற்றியதை ஆசிடில் கழுவி மாட்டுவார்கள், கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் இப்படித்தான் என்றார். மார்ச்சில் வந்தவர் கிளம்பும்போது எப்படி 98 காட்டினார் என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. பாட்டில் தண்ணீரோ, திருகை மூடிக் காட்டிவிட்டுப் பிறகு திறந்தாரோ. அந்த டம்ளர் நாங்கள் பிடித்தது இல்லை.

ஆனால் வந்ததும் காட்டிய 310 எப்படி வந்தது என்பது உறுதியாகத் தெரியும். மெஷினின் பக்கவாட்டில் ஒரு சர்வீஸ் அட்டை ஒட்டியிருக்கிறது. ஜனவரியில் வந்த கம்பெனி ஆள் அதில் 'உள்ளே 1,350, வெளியே 95' என்று எழுதி வைத்திருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மெம்பரேன் மாற்றியதாகவும் அதே அட்டையில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் 95 எப்படி 310 ஆகும்? 'லீக் பாக்கறேன்' என்று மூடியைக் கழற்றியபோதே திருகைத் திருப்பியிருக்கிறார். கெடாத மெஷினை எங்கள் கண் முன்னாலேயே கெடுத்து, கெட்டுவிட்டது என்று காட்டியிருக்கிறார். அட்டை அம்மாவின் தோள் உயரத்தில் ஒட்டியிருந்தது. அளந்ததும் ஒரு முறை அதைப் பார்த்திருந்தால் போதும்.

புது மெம்பரேனுக்கு 1,800 ரூபாய், ஃபில்டர்களோடு மொத்தம் 3,100. பில்லோடு. மாட்டியதும் முதல் டேங்க் தண்ணீரை முழுக்கக் கீழே விடச் சொன்னார். அதற்குப் பிறகு அளந்தபோது 85.

இந்தப் பதிவை எழுத முக்கியக் காரணம் அந்தப் பழுப்பு டம்ளர். நான்கு மாதமாக அம்மா அதை மறக்கவில்லை. பேத்திக்கு ஆறு மாதத்திலிருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் அவர். சளி பிடித்தாலும், வயிறு சரியில்லை என்றாலும், 'நான் குடுத்த தண்ணிதான்' என்று தானே சொல்லிக்கொள்வார். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'முதல்ல நான் வேலை பார்த்த இடத்துல என்கிட்டயும் அந்தப் பெட்டியைக் குடுத்துத்தான் வீடு வீடா அனுப்பினாங்க சார். இன்னும் வீட்ல கிடக்கு. நாளைக்கு இந்தப் பக்கம்தான் வரேன், அம்மாகிட்ட காட்டிடறேன்' என்றார். சொன்னபடி வந்தார்.

அவர் எங்கள் மெஷினில் பிடித்த 85 டிடிஎஸ் தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றில் மட்டும் அம்மாவையே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடச் சொன்னார். சுவிட்சைப் போட்டதும் உப்புப் போட்ட டம்ளர் அன்றைக்குப் போலவே பழுப்பாகி, திப்பி மிதந்தது. மற்றது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அந்தக் கம்பிகளில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று இரும்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது, அப்படிக் கடத்தும்போது இரும்புக் கம்பியே கரைந்து துருவாக மிதக்கிறது. நாம் பார்க்கும் அழுக்கு கம்பியிலிருந்து வந்தது, தண்ணீரில் முன்பே இருந்தது இல்லை. உப்பு குறைந்த தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் நிறமும் மாறாது. நல்ல கிணற்றுத் தண்ணீரும் அந்தப் பெட்டியில் சாக்கடையாகத்தான் தெரியும்.

அம்மா அந்த டம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். 'அப்போ நான் பாப்பாவுக்கு மண்ணைக் குடுக்கல' என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இதே பெட்டியைக் காட்டித்தான் கோயம்புத்தூரில் என் அக்கா வீட்டில் புது ஆர்ஓ மெஷினையே விற்றிருக்கிறார்கள். அங்கே வருவது சிறுவாணித் தண்ணீர், உப்பு மிகக் குறைவான தண்ணீர், அதற்கு ஆர்ஓ எதற்கு? குடிநீருக்கான இந்தியத் தர அளவில் டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. '100-க்குள்ள இருக்கணும்' என்று யாராவது பயமுறுத்தினால் இந்த எண்களை நினைவில் வையுங்கள். இன்னொன்று, டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது. கரைந்த உப்பு எவ்வளவு என்பதை மட்டும்தான் மின்கடத்தலை வைத்துச் சொல்லும். அதனால் எண் குறைவாக இருப்பதாலேயே கிருமியைக் கொல்லும் யுவி விளக்கு எரிகிறதா, டேங்க் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது.

இப்போது சொந்தமாக ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், சில நூறு ரூபாய்தான். மாதம் முதல் தேதி உள்ளே, வெளியே இரண்டையும் அளந்து அதே அட்டையில் எழுதுகிறோம். யார் வந்தாலும் மூடியைத் தொடுவதற்கு முன் எங்கள் டம்ளரில், எங்கள் மீட்டரில் அளவு. பாகம் மாற்றினால் பழசு வீட்டிலேயே இருக்கும். பழைய மெம்பரேனைக் கத்தியால் கீறிவிட்டுத்தான் குப்பையில் போடுகிறோம், யாரும் எடுத்து இன்னொரு வீட்டில் மாட்ட முடியாதபடி. புது மெம்பரேன் பெரும்பாலும் ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் உலர்ந்து, கையில் எடை தெரியாமல் இருக்கும். ஈரமாக, கனமாக, உறை பிரிந்து வந்தால் வாங்காதீர்கள். உறையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, லேபிளைப் படம் எடுத்து, அதன் மேல் மார்க்கரால் தேதி எழுதுங்கள். நம்பரை வாரண்டி அட்டையிலிருந்தோ மெஷினில் ஒட்டிய ஸ்டிக்கரிலிருந்தோ மட்டும் எடுங்கள். 'உங்க ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடியுது' என்று அவர்களாகவே போன் செய்தால் வைத்துவிட்டு, அட்டையில் உள்ள நம்பருக்கு நீங்கள் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எங்கள் பணம் திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ புகார்க் கட்டணமே கிடையாது. ஆனால் யார் மேல் புகார் என்று பெயரும் விலாசமும் வேண்டும். என்னிடம் இருப்பது கையெழுத்துச் சீட்டும் ஜிபே ரசீதும் அணைந்துபோன ஒரு நம்பரும். பணம் தரும் முன் முறையான பில்லைக் கையில் வாங்குங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

போன வாரம் அம்மா இந்தக் கதையைக் கீழ் வீட்டுப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் எழுந்து போய் டிராயரிலிருந்து ஒரு சீட்டை எடுத்துவந்து காட்டினாராம். அதே கையெழுத்து, ஏப்ரல் மாதத் தேதி, 6,400 ரூபாய். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான் அந்த வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டரை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் கீழே போகிறோம்.