பிப்ரவரியில் கனடா: ஒட்டாவாவா, கியூபெக் நகரமா?

செலவு
ஒட்டாவா: உறைந்த ரிடோ கால்வாயில் 7.8 கி.மீ. சறுக்கக் கட்டணமில்லை, சொந்தச் சறுக்குக் காலணி (ஸ்கேட்ஸ்) இல்லாவிட்டால் கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். விண்டர்லூட் என்ற குளிர்கால விழாவிலும் பெரும்பாலானவை இலவசம்.
கியூபெக்: 1955 முதல் ஆண்டுதோறும் நடக்கும் குளிர்கால கார்னிவலுக்கு நுழைவுச்சீட்டு வேண்டும். கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய நகரில் அறை வாடகையும் அந்த நாட்களில் ஏறிவிடும்.

நம்பகம்
ஒட்டாவாவின் பலவீனம் இதுதான். பனிக்கட்டி சுமார் 30 செ.மீ. கெட்டியானால்தான் கால்வாயைத் திறப்பார்கள். 2023 குளிர்காலத்தில் திறக்கவே இல்லை. திறந்த பிறகும் மழையோ திடீர் வெயிலோ வந்தால் சிவப்புக் கொடிதான், அதாவது சறுக்க அனுமதியில்லை. கால்வாய் திறந்திருக்கிறதா என்று கிளம்பும் அன்று காலையில் பாருங்கள், முந்தின இரவு பார்த்தது செல்லாது.
கியூபெக்கில் ஒன்று போனால் இன்னொன்று: டஃப்ரின் மேடைச் சறுக்கு வண்டி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் படகுப் போட்டி, 83 மீட்டர் மான்ட்மொரன்சி அருவி.

நடை
ஒட்டாவா பெரும்பாலும் சமதளம். கியூபெக்கில் மேல் நகரிலிருந்து இறங்கும் படிகள் கண்ணாடிபோல் வழுக்கும். காலணியில் மாட்டும் முள்பட்டை அவசியம், அல்லது ஃபனிக்குலரில் (சரிவில் கம்பிவடம் இழுக்கும் பெட்டி) இறங்குங்கள். (பருத்தி சாக்ஸ் எங்குமே வேண்டாம். வியர்வையில் நனைந்து விரலை விறைக்க வைக்கும், கம்பளியே சரி.)

சறுக்குவதே குறி என்றால், தேதியை மாற்ற முடிகிறவர்களுக்கு ஒட்டாவா. விடுப்பு நாலே நாள், தேதியும் மாறாது என்றால் கியூபெக்.