முடி உதிர்வை நிறுத்தித் தருவதாகச் சொல்பவர்களிடம் நாயை ஒப்படைக்காதீர்கள்

எங்கள் வீட்டுப் பெண் லாப்ரடாருக்கு நான்கு வயது. குட்டை முடிதானே, அதிகம் உதிராது என்று நம்பி வாங்கியவர்களுள் நானும் ஒருவன். பாய், சோபா, துவைத்து மடித்த வேட்டி என எங்கும் முடி ஒட்டியிருப்பதைக் கண்டு சலித்துப்போய், கடந்த மார்ச் மாதம் கோவையில் ஒரு குரூமிங் கடையை நாடினேன். சிறப்பு லோஷன் தடவி மூன்று முறை குளிப்பாட்டினால் உதிர்வு முற்றிலும் நின்றுவிடும் என்று உறுதி கூறி, 4,500 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். வளர்ப்பவர் அருகில் இருந்தால் நாய் அடங்காது என்று என்னை வெளியே உட்காரவைத்தார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து அவளை அழைத்து வந்தபோது, என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், தோல் தெரியுமளவுக்கு உடல் முழுவதும் மழித்திருந்தார்கள். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ட்ரிம்மர் பிளேடின் சூட்டால் தோல் கன்றிச் சிவந்திருந்தது. முடியே இல்லாதபோது எது உதிரும் என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

அது அப்பட்டமான பொய். லாப்ரடாருக்கு நீர் ஒட்டாத மேல்முடி, அதனடியில் மெத்தென்ற அடிமுடி என இரண்டு அடுக்குகள் உண்டு. வேரில் நிகழும் வளர்ச்சிச் சுழற்சியால் முடி உதிர்வதால், நுனியை வெட்டி அதை நிறுத்த முடியாது. மழித்த பிறகும் உதிர்ந்தது. குச்சி போன்ற துணுக்குகளாகச் சோபாத் துணியில் குத்தி நின்றதால் எடுப்பதுதான் கடினமாயிற்று. வெயிலைத் தாங்கிய மேல்முடி போய்விட்டதால், பகலில் அவளை மொட்டை மாடிக்கு விடவே அஞ்சினோம். ஐந்து மாதமாகியும் இடுப்பில் முடி திட்டுத் திட்டாகத்தான் வளர்ந்திருக்கிறது.

கால்நடை மருத்துவரிடம் முதலிலேயே போயிருக்க வேண்டும். உடலெங்கும் சீராக உதிர்வது நோயன்று என்றும், வட்டச் சொட்டை, ஓயாத சொறிதல், துர்நாற்றம், இரு விலாவிலும் ஒரேபோல் முடி மெலிதல் ஆகியவை தென்பட்டால்தான் பூஞ்சை, உண்ணி, தைராய்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். அவர் சொன்னபடி, குமிழ் வைத்த ரப்பர் பிரஷால் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து நிமிடம் தேய்த்துவிடுகிறேன். மாதம் ஒருமுறை நாய் ஷாம்பூவில் குளிப்பாட்டுகிறேன். உதிரும் முடியில் பெரும்பகுதி இப்போது பிரஷிலேயே சேர்ந்துவிடுகிறது.

மீதிப் பணத்தைக் கடை தர மறுத்துவிட்டது. ரசீதையும் தோல் கன்றிய படங்களையும் வைத்திருப்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். குரூமிங்குக்கு நாயை விடுபவர்கள், 'மழிக்கக் கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே நிற்க அனுமதிக்காத கடையில் விடாதீர்கள்.