மொட்டை மாடி பிரம்பு செட்: கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

மொட்டை மாடி, பால்கனி, வீட்டு முன் தோட்டம் என்று எங்கே பார்த்தாலும் இப்போது இந்த செட்தான்: செயற்கைப் பிரம்பு பின்னிய இரண்டு நாற்காலி, கண்ணாடி போட்ட குட்டி டேபிள், இரண்டு குஷன். ஆன்லைனில் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் ஏகப்பட்டது கிடக்கிறது. தூக்க லேசு, உட்காரச் சுகம், போட்டோவில் ஜோர். ஆனால் கடலோர ஊர்களில் இரண்டு ஐப்பசி மழை தாண்டுவதற்குள் தரை டைல்ஸில் நான்கு பழுப்பு வட்டம் விழுந்துவிடும். நார் அப்போதும் புதுசு மாதிரியே இருக்கும். உள்ளே இருக்கிற இரும்புக் குழாய் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே கடையில் பின்னலைத் தடவிப் பார்த்தது போதும், நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்துங்கள்.

முதலில் காந்தம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பதே போதும். கால் குழாயில் ஒட்டினால் இரும்பு, நழுவி விழுந்தால் பெரும்பாலும் அலுமினியம். கடலில் இருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு என்றால் அலுமினியத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் செலவில்லை. இரும்புதான் என்றால் குழாயின் கனத்தைக் கேளுங்கள். 16 கேஜ் என்பது சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. அதற்கும் கீழே 20 கேஜில், அதாவது 0.9 மி.மீ.யில் செய்தது வெளியில் போட லாயக்கில்லை. அடுத்து, சீட்டும் காலும் சேருகிற இடம். வெல்டிங் சுற்றிலும் ஓடியிருக்க வேண்டும். இரண்டு மூன்று பொட்டு வைத்து நிறுத்தியிருந்தால் அந்தப் பொட்டில்தான் ஒரு நாள் விரிசல் விடும்.

"பவுடர் கோட்டிங் சார், துருவே பிடிக்காது" என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. அது பெயின்ட் பவுடர், மின்னூட்டத்தால் போய் ஒட்டுவது. குழாயின் வெளிப்பக்கம் நன்றாகப் பிடிக்கும், உட்பக்கம் வாயோரத்தைத் தாண்டி அதிகம் போகாது. இதற்குப் பிறகு நார் முனைகளை ஸ்டேப்பிள் பின்னோ சின்ன ஆணியோ அடித்து நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு பின்னும் பூச்சில் ஒரு ஓட்டை. மழைத் தண்ணீர் அந்த வழியாக இறங்கும். காலின் அடியைப் பிளாஸ்டிக் புஷ் அடைத்திருப்பதால் போக்கிடம் இல்லாமல் அங்கேயே தேங்கும். துரு உள்ளிருந்து வெளியே வருகிற கதை இது. கண்ணுக்குத் தெரியும்போது குழாய் பாதி அரித்திருக்கும்.

இதற்கு வைத்தியம் உண்டு, வாங்கிய வாரமே செய்ய வேண்டும். நான்கு புஷ்ஷையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக் கழற்றுங்கள். ரெட் ஆக்சைடு பிரைமரில் டர்பன்டைன் கலந்து, நீர்மோர் பதத்துக்குக் கொண்டுவந்து, ஒரு காலுக்கு 20, 30 மி.லி. ஊற்றுங்கள். நாலா பக்கமும் சாய்த்துச் சாய்த்து உள்சுவர் முழுக்க ஓடவிட்டு, பழைய பேப்பர் விரித்து நிமிர்த்தி வடியவிடுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். புஷ்ஷைத் திரும்ப மாட்டுவதற்கு முன் நடுவில் 4 மி.மீ. ஓட்டை போட்டு, ஓட்டையில் இருந்து விளிம்பு வரை பிளேடால் ஒரு காடி, அதாவது தண்ணீர் ஓடச் சின்னப் பள்ளம், இழுத்துவிடுங்கள். காடி இல்லாவிட்டால் தரையே ஓட்டையை அடைத்துவிடும். மாடியில் தரதரவென்று இழுப்பதால் புஷ் தேய்ந்து குழாய் விளிம்பு தரையில் உரசும். குழாயின் விட்டத்தை அளந்துகொண்டு போனால் ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்குப் புதுசு கிடைக்கும்.

வெளியே துரு தெரிந்த இடத்தை 120 நம்பர் உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, மேலே எனாமல் இரண்டு கை. துரு மேலேயே பெயின்ட் அடித்தால் இரண்டு மாதத்தில் செதில் செதிலாக உரியும்.

இனி நார். பாலிஎத்திலீன் என்றால் நல்லது, பிவிசி என்றால் வேண்டாம். பிவிசியை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெல்ல வெளியேறிவிடும். பிறகு அது அப்பளம் மாதிரி நொறுங்கும். கடைக்காரரிடம் ஒரு துண்டு நார் கேட்டு, வெளியே போய்க் கொளுத்திப் பாருங்கள். பாலிஎத்திலீன் உருகிச் சொட்டும், மெழுகுவத்தி வாசம் வரும். பிவிசி தீயை எடுத்ததும் அணைந்து மூக்கைக் குத்தும். முகர்ந்து பார்க்கக் கிட்டே போகாதீர்கள். வெட்டிய முனையில் உள்ளேயும் அதே நிறம் இருக்க வேண்டும். பட்டை நாரின் கனம் 1.2 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது உத்தமம்.

கழுவ ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விடும் பழைய டூத் பிரஷும் போதும். ப்ளீச்சிங் பவுடர் கிட்டேயே வரக்கூடாது. கார் கழுவும் பிரஷர் பம்பும் வேண்டாம், அது தண்ணீரைப் பின் ஓட்டைகளுக்குள் தள்ளும். கடலோரத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெறும் நல்ல தண்ணீரை ஊற்றி உப்பை இறக்குங்கள்.

குஷன்தான் இந்த செட்டின் மட்டமான பகுதி. உள்ளே இருப்பது சாதாரண ஃபோம். ஒரு முறை ஊறினால் உள்ளே காய நாளாகும், அதற்குள் பூஞ்சை நாற்றம் வந்துவிடும். நனைந்தால் உறையைக் கழற்றி, ஃபோமை முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, காற்றோட்டத்தில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். மற்றபடி எழுந்து போகும்போது கையோடு எடுத்துப் போவதே வழி. அணில் வருகிற வீடுகளில் அது கூடு கட்டக் குஷனைப் பிய்த்துப் பஞ்சு எடுத்துப் போகும்.

டேபிள் கண்ணாடியின் ஒரு மூலையில் டெம்பர்டு என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். டெம்பர்டு கண்ணாடி நடுவில் அடி தாங்கும், ஓரத்தில் தட்டினால் மொத்தமும் பொடியாகும். கண்ணாடியை அடியில் பிடித்து நிறுத்துகிற ரப்பர் கப் நாலும் இல்லாவிட்டால் பலத்த காற்று அதைத் தூக்கிவிடும்.

இதே காசுக்கு வேறென்ன? பழைய வயர் நாற்காலியை யாரும் மதிப்பதில்லை. கம்பி சட்டத்தில் வயர் பின்னியது. தண்ணீர் தேங்காது, காற்று புகும், வயர் போனால் அதே சட்டத்தில் திரும்பப் பின்னிக்கொள்ளலாம். மழையில் போட்டே வைக்கிற ஆசாமிகளுக்கு அதுதான் பொருத்தம். தேக்கு பெஞ்ச் நீண்ட நாள் உழைக்கும், வைரம் பாய்ந்த பாகமாக இருந்தால். ஓரத்தில் வெளிர் மஞ்சள் பட்டை தெரிகிற பலகையைத் தள்ளுங்கள், கரையான் அங்கேதான் தொடங்கும். வெயிலில் தேக்கு சாம்பல் நிறமாவது கெடுதல் அல்ல. வார்னிஷ் அடித்தால்தான் தொல்லை, கொப்பளித்து உரியும்.

கூரை உள்ள பால்கனிக்கு 18 கேஜ் இரும்பு செட் தாராளமாக வாங்கலாம். திறந்த மாடிக்கு அலுமினியச் சட்டம் மட்டும். மழைக்காலத்தில் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுகிறவர்கள் உள்ளே ஈரத்தைப் பூட்டி வைக்கிறார்கள். அடியில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கண்ணாடியை முதலில் இறக்குங்கள், நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கைப்பிடிச் சுவர்க் கம்பியில் கயிற்றால் கட்டிவிடுங்கள். இவ்வளவு லேசான நாற்காலி பறந்தால் பக்கத்து வீட்டு சோலார் பேனலில்தான் போய் இறங்கும்.