ஸ்மார்ட்சிடிஎல்லா, பேட்பிளாக்ஸா: ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்க எது?

லினக்ஸில் டெர்மினலிலிருந்தே ஹார்ட் டிஸ்க்கின் நிலையைப் பார்க்க நினைப்பவர்கள் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றிடம்தான் வந்து நிற்பார்கள். ஸ்மார்ட்சிடிஎல், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் கணக்கை (இதற்குப் பெயர்தான் ஸ்மார்ட்) வாங்கிக் காட்டும். பேட்பிளாக்ஸ் அந்தக் கணக்கைப் பார்க்காது, ஒவ்வொரு பிளாக்காக நேரில் படித்துப் பார்க்கும். எஃப்எஸ்சிகே இந்தப் போட்டியிலேயே இல்லை, அது பார்ப்பது ஃபைல் சிஸ்டத்தை.

முதலில் ஸ்மார்ட்சிடிஎல். மைனஸ் ஹெச் (பெரிய எழுத்து) போட்டதும் "பாஸ்டு" என்று வந்தால் பலர் அதோடு மூடிவிடுகிறார்கள், அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தயாரிப்பாளர் வைத்த எல்லையை ஏதாவது ஒரு அளவு தாண்டினால்தான் அது "ஃபெயில்டு" என்று மாறும், அதற்குள் கணிசமான செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தரவு பதியும் சிறு துண்டுகள், போயிருக்கலாம். மைனஸ் ஏ கொடுத்து முழுப் பட்டியலையும் எடுங்கள். 5 (மாற்றப்பட்ட செக்டர்கள்), 197 (சந்தேகத்தில் இருப்பவை), 198 (படிக்க முடியாதவை) ஆகிய வரிசைகளின் கடைசிப் பத்தியில் பூஜ்யம் இருந்தால் சரி, இல்லையென்றால் கவனிக்க வேண்டும், அதிலும் அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. சீகேட் டிஸ்க்குகளில் 1 (படிப்புப் பிழை), 7 (தேடல் பிழை) வரிசைகளில் கோடிக்கணக்கில் எண் நிற்கும். பயப்பட வேண்டாம், செய்த வேலைகளின் எண்ணிக்கையும் அதற்குள்ளேயே சேர்ந்திருப்பதால் அப்படித் தெரிகிறது.

இந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? 2007-இல் கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை (ஸ்கேன் பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையே வராததைவிட 39 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அதே ஆய்வில், செயலிழந்தவற்றில் 56 சதவீதத்துக்கும் மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஆக, ஸ்மார்ட் எச்சரித்தால் நம்புங்கள், எச்சரிக்கவில்லை என்பதற்காக பேக்கப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.

பேட்பிளாக்ஸின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்மார்ட்டின் லாங் டெஸ்ட், அதாவது டிஸ்க் தன்னைத் தானே முழுதாகச் சோதிப்பது, டிஸ்க்குக்கு உள்ளேயே ஓடி முடிந்துவிடுகிறது, தரவு கேபிளைத் தாண்டி வருவதே இல்லை. பேட்பிளாக்ஸ் எல்லாவற்றையும் கேபிள் வழியாக இழுத்துப் படிப்பதால், அது ஓடும்போது 199-ஆவது வரிசை (கேபிள் வழியே வரும் தரவில் பிழைகள்) ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாமல் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் நேரம் தின்னும். மைனஸ் டபிள்யூ நான்கு வடிவங்களை எழுதி எழுதிப் படிப்பதால் மொத்தம் எட்டுச் சுற்று, 4 டிபி டிஸ்க் நொடிக்கு 150 எம்பி வேகத்தில் போனால் ஏறத்தாழ 60 மணி நேரம். உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும் என்பதால் புதிதாகவோ பழையதாகவோ வாங்கி வந்த காலி டிஸ்க்குக்கு மட்டும்தான் இது. பெரிய டிஸ்க் என்றால் மைனஸ் பி 4096 சேர்க்காவிட்டால் ஓடவே மறுக்கும்.

இன்னொன்று, பேட்பிளாக்ஸ் "பிழை இல்லை" என்று முடித்தாலும் கதை முடியவில்லை. எழுதும்போதே டிஸ்க் கெட்ட செக்டரை ஒதுக்கிவிட்டு, உபரியாக வைத்திருக்கும் நல்ல செக்டரை அந்த இடத்துக்குக் கொடுத்துவிடும், பேட்பிளாக்ஸுக்கு அது தெரியவே தெரியாது. அதனால் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் ஸ்மார்ட்சிடிஎல் பட்டியலை எடுத்து 5-ஆவது வரிசையை ஒப்பிடுங்கள். புது டிஸ்க்கில் அது ஏறியிருந்தால் வாரண்டி இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

தினசரிக் கண்காணிப்புக்கு என் தேர்வு ஸ்மார்ட்சிடிஎல்தான், கூடவே மாதம் ஒரு லாங் டெஸ்ட். யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் பதில் சொல்லாவிட்டால் மைனஸ் டி சாட் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். டிஸ்க் ஏற்கெனவே கடகடவென்று சத்தம் போட்டு, ஃபைல்கள் திறக்காமல் நிற்கிறதென்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் கருவியான டிடிரெஸ்க்யூவால் முதலில் நகல் எடுங்கள், சோதனையெல்லாம் அப்புறம்.