சப்ளை செயின் வரைபடம்: சாஃப்ட்வேர் வாங்கலாமா, சப்ளையரிடமே கேட்கலாமா?

நாம் வாங்கும் பாகம் எந்தெந்த சப்ளையர், எந்தெந்த ஆலை வழியாக வருகிறது என்று காட்டுவதுதான் சப்ளை செயின் வரைபடம். எங்கள் பர்ச்சேஸ் பிரிவில் இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டு, சப்ளையர்களிடமே கேட்டு எக்செல்லில் வரைபடம் போடுவது என்று முடிவெடுத்தோம்.

சாஃப்ட்வேர் வேகமானது. சுங்கப் பதிவு, நிறுவன அறிக்கை, செய்தி எல்லாவற்றையும் கோத்து, யாரையும் கெஞ்சாமல் படம் தந்துவிடும். ஆனால் அதில் பெரும்பாலும் தெரிவது எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனிக்கு விற்கிறது என்பதுதான். எந்தப் பாகம் எந்த ஆலையில் தயாராகிறது என்பது தெரியாமல் ரிஸ்க்கை எடைபோட முடியாது. 2011 மார்ச்சில் ஜப்பான் நிலநடுக்கத்தால் ஓனஹாமாவில் மெர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனத்தின் ஆலை நின்றது. கார் பெயிண்ட்டுக்கு மினுமினுப்பு தரும் ஸிராலிக் நிறமி அப்போது உலகத்திலேயே அங்கு மட்டும்தான் தயாரானது. ஃபோர்டு சில கறுப்பு, சிவப்பு நிறங்களுக்கு ஆர்டர் எடுப்பதையே நிறுத்த வேண்டி வந்தது. இத்தனைக்கும் நிறமியை நேரடியாக வாங்குவது ஃபோர்டு அல்ல, பெயிண்ட் கம்பெனி.

கேட்பதிலும் சூட்சுமம் உண்டு. ஆலை முகவரி கேட்டால் பலர் தலைமை அலுவலக முகவரியை எழுதி அனுப்புவார்கள். கடைசியாக அனுப்பிய சரக்குத் தொகுதியின் (லாட்) டெஸ்ட் சர்டிஃபிகேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். தயாரித்த ஆலையின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வரைபடம் போட்ட மறுநாளிலிருந்தே பழசாகத் தொடங்கும். சாஃப்ட்வேர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பார்கள். ஆனால் எங்கோ தீ, எங்கோ வெள்ளம் என்று அலர்ட் வரும்போதெல்லாம் 'இது நம் பாகத்தைத் தொடுமா' என்று ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த உழைப்பு விலைப்பட்டியலில் தெரியாது. நாங்கள் வரைபடப் புதுப்பிப்பை ரேட் கான்ட்ராக்ட்டோடு, அதாவது சப்ளையருடன் போடும் விலை ஒப்பந்தத்தோடு, கட்டிவிட்டோம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஆலை, மாற்று ஆலை, கையிருப்பு, ஆலை நின்றால் மீண்டும் ஓட எத்தனை வாரம் என்ற நான்கையும் சப்ளையர் உறுதி செய்ய வேண்டும். நடுவில் ஆலையை மாற்றினால் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். எப்படியும் நடக்கும் பேச்சுவார்த்தை என்பதால் தனிச் செலவு மிகக் குறைவு.

இரண்டாம் அடுக்குக்கு, அதாவது சப்ளையரின் சப்ளையருக்குக் கீழே எங்கள் படம் மெலிந்துதான் இருக்கிறது. தங்களைத் தாண்டி நாங்கள் நேரடியாக வாங்கப் போய்விடுவோமோ என்ற பயத்தில் சில சப்ளையர்கள் பெயர் சொல்வதில்லை. ஊரை மட்டும் வாங்கிக்கொள்கிறோம். சாஃப்ட்வேரை நாங்கள் சோதனைக் காலத்தில்தான் ஓட்டிப் பார்த்தோம், ஆண்டுக்கணக்கில் இல்லை. ஆயிரக்கணக்கில் சப்ளையர் உள்ளவர்களுக்குக் கேட்டே முடிக்கும் வழி தாங்குமா என்பது சந்தேகம். அவர்கள் முதலில் சாஃப்ட்வேரால் வடிகட்டி, ஒரே ஆலையை நம்பியிருக்கும் பாகங்களுக்கு மட்டும் நேரில் கேட்கலாம்.