குடும்பப் படத்தைச் சரிசெய்து தருகிறோம் என்றவர்களிடம் 7,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

நேற்று சாயங்காலம் என் மகளின் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள். இதோடு எங்கள் வீட்டில் மூன்று எண்கள் ஆகிவிட்டன. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன பணம் 7,400 ரூபாய். போனது பணம் மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

வைகாசியில் அப்பாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். திருநெல்வேலியிலிருந்து இரண்டு வேனில் போனோம். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, 84 வயதில் அத்தனை தூரம் உட்கார்ந்து வந்தாள். "தம்பிக்கு எம்பது, நான் வராம யாரு வருவா" என்று முதல் ஆளாக வண்டியில் ஏறியவள். பூஜையெல்லாம் முடிந்து மண்டபத்தில் எல்லோரும் நின்று ஒரு படம் எடுத்தோம். 35 பேர், மூன்று வரிசை. இத்தனை பேரும் ஒரே இடத்தில் நின்றது என் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

போட்டோகிராபர் நான்கு முறை எடுத்தார். முதல் படத்தில் அத்தை அருமையாக இருக்கிறாள். நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள், காதில் பாம்படம், அந்தக் காலத்து ஆச்சிகள் போடும் கனத்த காதணி, பளிச்சென்று தெரிகிறது. ஆனால் தங்கச்சி பிள்ளைகள் இரண்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவதில் 34 பேரும் சரி, அத்தை மட்டும் கண்ணை மூடிக் குனிந்து முந்தானையைச் சரி செய்கிறாள். மூன்றாவதில் அப்பாவின் மாலை அம்மா முகத்தை மறைக்கிறது. நான்காவது மொத்தமும் அசைந்துவிட்டது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் எல்லோர் முகத்திலும் லேசான பச்சை வேறு.

ஆனி பிறந்து ஐந்தாம் நாள் அத்தை போய்விட்டாள். தூக்கத்திலேயே. அப்போதுதான் எல்லோருக்கும் அந்தப் படம் ஞாபகம் வந்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் அதைச் சரி பண்ணிப் பெரிதாக ஃப்ரேம் போட்டு, அத்தை வீட்டிலும் எங்கள் வீட்டிலும் மாட்டலாம் என்று நான்தான் சொன்னேன். அப்பாவுக்கு வாக்குக் கொடுத்ததும் நான்தான்.

இரவு போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. கிழிந்த படம், மங்கிய படம், கண் மூடிய படம் எதுவானாலும் புதிதாக்கித் தருகிறோம் என்று ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கும் வகை. பெயர் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள், நீங்கள் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். முன்னால், பின்னால் என்று இரண்டு படம் காட்டுவார்கள். அழுகிற பாட்டு ஒன்று ஓடும். ஒரு அம்மா படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைப்பார்.

நான் உடனே ஏமாந்துவிடவில்லை. போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன். மறுமுனையில் ஒரு பையன், பொறுமையாகக் கேட்டான். முதல் படத்திலிருந்து அத்தை தலையை எடுத்து இரண்டாவது படத்தில் வைத்தால் போதும் என்று நானே சொன்னேன். "கரெக்ட் சார், அதான் முறை" என்றான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஒரிஜினல் ஃபைலை பென் டிரைவோடு கூரியரில் போடுங்கள் என்றான். அது நியாயமான பேச்சுதான். விஷயம் தெரிந்தவன் என்று நினைத்தேன். கடைசியில் ஒன்று சொன்னேன்: "தம்பி, அத்தை காதுல பாம்படம் போட்டிருக்கும். காது தோள் வரைக்கும் வடிஞ்சிருக்கும். அதை மட்டும் கைவைச்சிராதீங்க."

அவன் சட்டென்று பேச்சை மாற்றினான். "அண்ணாச்சி, நீங்க திருநெல்வேலியா? எங்க ஆச்சியும் பாம்படம்தான் போட்டிருந்தாவ. எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? எங்க ஆச்சி படம் மாதிரி நினைச்சுப் பண்ணித் தாரேன்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன். அதுவரைக்கும் ரூபாய்க் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவன், போனை வைத்த கையோடு 2,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் வந்த பெயர் அந்தப் பக்கத்தின் பெயரே இல்லை, யாரோ ஒரு தனிநபர் பெயர். அதைக் கவனித்தேன். கவனித்தும் அனுப்பினேன்.

பென் டிரைவ் போய்ச் சேர்ந்த மறுநாள், 35 முகம் இருக்கிறது, முகத்துக்கு 100 ரூபாய் என்று 3,500 கேட்டார்கள். ஒரே ஒரு தலையைத்தானே மாற்றச் சொன்னேன் என்றேன். எல்லா முகத்திலும் பச்சை அடிக்கிறது, ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். பிறகு ஃப்ரேமுக்கும் கூரியருக்கும் 1,900. மொத்தம் 7,400 ரூபாய்.

பதினாறாம் நாள் வந்தது, படம் வரவில்லை. அத்தையின் பழைய ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம்.

இருபத்தொன்பதாம் நாள் பார்சல் வந்தது. அத்தை மகள், எங்கள் மதினி, அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். அவளைத்தான் பிரிக்கச் சொன்னேன். பிரித்துப் பார்த்தவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "தம்பி, இதுல எங்கம்மா எங்க இருக்கா?" என்றாள்.

அத்தை இருந்த இடத்தில் வேறு ஒரு கிழவி இருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் அது அத்தை கண் இல்லை. தோல் மெழுகு மாதிரி வழவழப்பாக இருந்தது. பல்வரிசை முழுசாக இருந்தது. அத்தைக்கு முன்பல் இரண்டும் போய்ப் பத்து வருஷம். காதோ சின்னதாக, யாருக்கும் இருக்கிற சாதாரணக் காது, அதில் ஒரு குட்டிக் கம்மல். பாம்படமும் இல்லை, வடிந்த காதும் இல்லை. அவள் வயதுக்காரிகள் பலரும் நகையைக் கழற்றிவிட்டுக் காதைத் தைத்துக்கொண்டார்கள். "செத்தாலும் தைக்க மாட்டேன்" என்று கடைசி வரை வைத்திருந்தவள் அத்தை. சாகும்வரை தைக்காத காதை, செத்த பிறகு இவர்கள் அழித்துவிட்டார்கள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து படத்தருகில் குனிந்து பார்த்தார். "அக்கா காதை எங்கல?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மற்றவர்கள் முகமும் அப்படித்தான். சித்தப்பா நெற்றியில் திருநீற்றுப் பட்டை சுருக்கம் மாதிரி ஆகியிருந்தது. தங்கச்சி பிள்ளைகள் இரண்டுக்கும் ஒரே சிரிப்பு. கையால் ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறோம் என்று 3,500 வாங்கியவர்கள், ஏதோ ஒரு செயலியில் படத்தைப் போட்டு ஒரு பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்றே போன் போட்டேன். டிசைனர் லீவு என்றார்கள். இரண்டு நாள் கழித்து, ஆடி ஆஃபர் கூட்டம், அடுத்த வாரம் கூப்பிடுங்கள் என்றார்கள். அடுத்த வாரம் அந்த "எங்க ஆச்சி" பையனே எடுத்தான். இந்த முறை அண்ணாச்சி போய் சார் வந்துவிட்டது. "சார், படம் க்ளியரா இருக்குல்ல? நாலு பேருகிட்ட காட்டுங்க, நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. ரிவிஷன் வேணும்னா 800 ஆகும்." பாம்படத்தைப் பற்றிக் கேட்டேன். "எது சார்?" என்றான்.

பாம்படம் என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியவில்லை. ஆச்சியும் பொய்.

ரிவிஷன் வேண்டாம், 7,400 ரூபாயையும் பென் டிரைவையும் திருப்பி அனுப்புங்கள் என்றேன். சிஸ்டம் ஃபார்மட் ஆகிவிட்டது, பென் டிரைவை ஸ்டோர் ரூமில் தேட வேண்டும் என்றார்கள். அவர்கள் ரீல்ஸுக்குக் கீழே நான் எழுதிய கருத்துகளை அழித்தார்கள். பிறகு என் எண் பிளாக். மனைவி எண்ணிலிருந்து புது ஆள் மாதிரி விசாரித்தோம். இரண்டு நிமிஷத்தில் பதில், கூடவே சிறப்புத் தள்ளுபடி. பழைய படத்தை அனுப்பியதும் அந்த எண்ணும் பிளாக்.

கடைசியாக நேற்று மகள் எண்ணிலிருந்து பேசினோம். பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள், 7,400 உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்றார்கள். அவசரத்தில் நான் போடப் போய்விட்டேன். மகள்தான் கையைப் பிடித்தாள். "அப்பா, பணம் வாங்குறதுக்கு பின் கேட்க மாட்டாங்க, அனுப்புறதுக்குத்தான் கேட்பாங்க." பார்த்தால் அதில் இன்னொரு 7,400 என் கணக்கிலிருந்து போவதற்குத் தயாராக நின்றது. எத்தனை வயிற்றெரிச்சலைத்தான் வாங்கிக்கட்டிக்கொள்வார்கள் இவர்கள்!

இன்று காலை பாளையங்கோட்டையில் முப்பது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம். நான்கு படங்களையும் போனில் காட்டினேன். தலை மாற்றுவது கல்யாண ஆல்பம் வேலையில் தினமும் செய்வது என்றார். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே கேமரா, நொடி வித்தியாசத்தில் எடுத்த படம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அத்தை இருக்கும் பகுதியை மட்டும் மாற்றினால் முடிந்தது, ஒரு மணி நேர வேலைகூட இல்லை. பச்சை நிறத்தை மொத்தப் படத்துக்கும் ஒரே முறையில் சரிசெய்யலாம், முகத்துக்கு 100 ரூபாய் என்ற பேச்சே கிடையாது. "600 ரூபாய் வாங்கியிருப்பேன், நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்திருக்கலாம்" என்றார். அத்தை முகம் ஏன் அப்படி ஆனது என்றும் விளக்கினார். அந்தச் செயலிகள் மங்கிய முகத்தைத் தெளிவாக்குவதில்லையாம். முன்பு பார்த்துப் பழகிய ஏகப்பட்ட முகங்களை வைத்து, இப்படி இருக்கலாம் என்று புதிதாக ஒரு முகத்தை வரைந்து வைக்கின்றன. பாம்படம் போட்ட ஆச்சிகளை அவை எங்கே பார்த்திருக்கும்!

சரி, இப்போது நீங்கள் செய்து கொடுங்கள் என்றேன். ஒரிஜினல் எங்கே என்றார். என்னிடம் இருப்பது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த படங்கள் மட்டும். அவை அகலத்தில் சுமார் 1,600 புள்ளிதான் (பிக்சல்). 12க்கு 18 அங்குலத்தில் நல்ல பிரிண்ட் போட அகலத்தில் 5,400 புள்ளி வேண்டும். அவர் பெரிதாக்கிக் காட்டினார், அத்தை முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. திருக்கடையூர் போட்டோகிராபருக்குப் போன் போட்டால், முகூர்த்த சீசனில் கார்டையெல்லாம் அழித்துவிட்டேன் என்கிறார். கூரியரில் போடும் முன் ஒரு நகல் எடுத்து வை அப்பா என்று மகள் சொன்னாள். நேரமாகிறது என்று நான் கேட்கவில்லை. இது என்னை விட்டுப் போகாது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், மனசு ஓடவில்லை. இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. ஒரிஜினலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், மாதிரி பார்த்த பிறகு கொடுங்கள். ஊரில் ஸ்டுடியோ இருந்தால் அங்கேயே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பணம் வாங்க பின் போடச் சொன்னால் போனை வையுங்கள். ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், நான் மூன்று வாரம் அவர்களிடமே கெஞ்சிக்கொண்டிருந்தேன். நுகர்வோர் உதவி எண் 1915, அதிலும் இன்று பதிந்திருக்கிறேன்.

அந்தப் பையன் இதைப் படிக்க வாய்ப்பு உண்டு, அவர்கள் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் யாராவது காட்டவும் கூடும். தம்பி, 7,400 ரூபாயை நான் சட்டப்படி கேட்டுக்கொள்கிறேன். பென் டிரைவை மட்டும் நாளைக்கே கூரியரில் போடு. சிவப்பு நிறம், 16 ஜிபி. மூடியில் கறுப்பு ஸ்கெட்சில் "அப்பா 80" என்று எழுதியிருக்கும். முகவரி உன்னிடம் இருக்கிறது.