ஃபார்மட் செய்யாமல் தீர்த்துக் கொடுத்த சுங்கை சிப்புட் கணினிக் கடை

மலேசியாவில் 2024 ஆகஸ்டு முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்த இ-இன்வாய்ஸை (வரித்துறைக்கு மின்வழி அனுப்பும் விற்பனைச் சீட்டு) முன்னிட்டு, எங்கள் மளிகைக் கடையின் கணக்கு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். மேம்படுத்தல் முடிந்தது என்று திரையில் வந்தாலும், நிரலைத் திறந்தபோதெல்லாம் எம்எஸ்விசிபி140.டிஎல்எல் என்ற கோப்பு இல்லை, நிரலை மீண்டும் நிறுவிப் பாருங்கள் என்ற அறிவிப்புதான் வந்தது. இரண்டு முறை நிறுவியும் பயனில்லை. என் தம்பி மகன் ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து அந்தக் கோப்பை மட்டும் இறக்கி விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் போட்டான். அறிவிப்பு மறைந்து, 0எக்ஸ்சி000007பி என்ற பிழை எண் முளைத்தது. ஈப்போவில் ஒரு கடையில் விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டிப் பார்த்துவிட்டு, விண்டோஸில் குறையில்லை, எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்தால்தான் தீரும், 150 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்கள். பல ஆண்டுக் கடன் கணக்கு அந்தக் கணினியில்தான் இருந்தது என்பதால் திரும்பி வந்துவிட்டேன்.

சுங்கை சிப்புட் பேருந்து நிலையத்தின் பின்வரிசையில் இருக்கும் சிறிய கடைக்குப் போனது அதன் பிறகுதான். அங்கிருந்த இளைஞர் கணினியைத் தொடுவதற்கு முன்பே, "அக்கா, பழைய பதிப்பு 32 பிட்டா, 64 பிட்டா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவரே பார்த்துச் சொன்னார்: பழையது 32 பிட், புதியது 64 பிட். இவை நிரல்களின் இரு வகைகள், ஒன்றுக்கான நூலகக் கோப்பு (நிரல் இயங்கத் துணைபுரியும் கோப்பு) மற்றதற்கு உதவாது. கணக்குக் கோப்புகள் அனைத்தையும் வெளி வட்டுக்கு நகலெடுத்த பிறகே வேலையைத் தொடங்கினார்.

காரணத்தைத் திரையைக் காட்டியே விளக்கினார். பழைய நிரலுக்கு வேண்டிய 32 பிட் நூலகக் கோப்பு சிஸ்வாவ்64 கோப்புறையில் பத்திரமாக இருந்தது. புதிய நிரல் தேடும் 64 பிட் கோப்பு சிஸ்டம்32 கோப்புறையில் இருந்திருக்க வேண்டும், ஆனால் மேம்படுத்தல் அதைக் கொண்டுவரவே இல்லை. (64 பிட் கோப்புகளை 32 என்ற பெயருள்ள கோப்புறையிலும், 32 பிட் கோப்புகளை 64 என்ற பெயருள்ள கோப்புறையிலும் வைத்த மைக்ரோசாஃப்டின் புத்தியை என்னவென்பது!) தம்பி மகன் போட்டது 32 பிட் கோப்பு என்பதால்தான் அந்தப் பிழை எண் வந்திருக்கிறது. விண்டோஸின் சோதனைக் கட்டளையும் இந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது, ஏனெனில் இது விண்டோஸோடு வருவதன்று. விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தனித் தொகுப்போடு வருவது.

அந்த ஊர்பேர் தெரியாத கோப்பை நீக்கி, வைரஸ் சோதனை நடத்தி, மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே தொகுப்பை இறக்கினார். 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகளுக்கு இது ஒன்றே போதுமாம். நிரலின் அச்சிடும் பகுதி இன்னும் 32 பிட்டாக இருந்ததால், 64 பிட் தொகுப்பை நிறுவியதோடு 32 பிட் தொகுப்பையும் பழுது நீக்கி, கணினியை மறுபடி தொடக்கினார். நிரல் திறந்தது. ஏறத்தாழ ஐம்பது நிமிடம், 40 வெள்ளி.

குறைகளும் உண்டு. தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. உட்கார ஒரே நாற்காலிதான், அதிலும் பாதி நேரம் யாராவது விட்டுப்போன அச்சுப்பொறி இருக்கும். ரசீதில் 'சாப்ட்வேர் சர்வீஸ்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நாளை வேறு கணினியில் இதே சிக்கல் வந்தால் என்ன செய்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்தத் தம்பி ரசீதைத் திருப்பி, நிறுவிய இரு தொகுப்புகளின் பெயரையும் நீக்கிய கோப்பின் பெயரையும் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.